கடைசி வரியில் இருந்த முகவரி

ஒரு ஆளுக்கு எவ்வளவு மாவு அரைப்பது என்ற கேள்வியை நான் முதன்முதலில் எழுதி வைத்தது, மேடவாக்கத்துத் தண்ணீர் லாரிகளுக்கான ஒரு புரோகிராமின் 212-ஆம் வரியில். அதற்கான இடம் அதுவல்ல என்று எனக்கும் தெரியும். வேறு இடம் இல்லை.

பெருங்களத்தூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். ஐம்பது தாண்டியாயிற்று. வெப்சைட்டுகள் செய்து கொடுப்பது தொழில். பண்டிகைக்கு முதல் நாள் சென்னையே என் பால்கனிக்குக் கீழே வரிசையில் நின்று ஊருக்குப் போகும். பஸ்ஸின் ஜன்னலிலிருந்து குழந்தைகள் எனக்குக் கையசைக்கும். நானும் அசைப்பேன். நான் எங்கேயும் போகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

பிரிவு என்று சொல்லும்படி வீட்டில் எதுவும் நடக்கவில்லை. மகளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. வீடு பார்த்துக் குடிவைத்துவிட்டு ஒரு மாதத்தில் வருகிறேன் என்று மனைவி கூடப் போனாள். ரிட்டர்ன் டிக்கெட் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. மூன்றாவது முறை அந்தப் பேச்சே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுகிறோம். "கேஸ் புக் பண்ணியாச்சா?" என்பாள். "பண்ணியாச்சு" என்பேன். எங்கள் தாம்பத்தியம் இப்போது ஒரு சிலிண்டரின் ஆயுளை வைத்து நடக்கிறது.

புரோகிராம் எழுதுபவர்கள் வரிகளுக்கு நடுவே குறிப்பு எழுதி வைப்பது வழக்கம். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. நமக்குப் பின்னால் அந்த வேலையைச் செய்ய வருபவர் குழம்பாமல் இருப்பதற்காக எழுதுவது அது. எனக்குப் பின்னால் யாரும் வருவதாகத் தெரியவில்லை. அதனால் குறிப்புகள் மெல்லத் திசை மாறின. முதலில் யோக்கியமாகத்தான் ஆரம்பித்தேன்: "இந்தக் கணக்கைத் தொடாதே. இது ஏன் வேலை செய்கிறது என்று எழுதியவனுக்கே தெரியாது." அடுத்த மாதம்: "இன்று என்னோடு பேசியவர்கள் இரண்டு பேர். கூரியர்காரர், லிஃப்ட். லிஃப்ட் 'மூன்றாவது மாடி' என்றது. ஆமாம் என்றேன்." அதற்கப்புறம் 212-ஆம் வரி: "கிரைண்டர் இரண்டு லிட்டர். ஒரு ஆளுக்கான அரிசியைப் போட்டால் கல் அதை எட்டிப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. கல்லுக்குப் பிடிக்கும்படி போட்டால் ஐந்தாம் நாள் மாவு புளித்து மூடியைத் தூக்குகிறது. ஒரு ஆளுக்கு அளவு என்ன?"

பாக்கெட் மாவு வாங்கலாமே என்பீர்கள். வாங்கினேன். கடைக்காரர் "வூட்ல ஆள் இல்லியா சார்?" என்றார். அதோடு நிறுத்திவிட்டேன்.

இதையெல்லாம் தைரியமாக எழுதியதற்குக் காரணம் இருந்தது. நாம் எழுதும் புரோகிராம் அப்படியே மக்களிடம் போவதில்லை. பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக அதை ஒரு கருவி சுருக்கிப் பிழியும். இடைவெளி போகும், வரிகள் போகும், 'லாரியின் கொள்ளளவு' என்று நாம் வைத்த அழகான பெயர் வெறும் a ஆகும். எல்லாம் சேர்ந்து வாசலைக் கடக்கும்போது ஒரே ஒரு நீண்ட வரி. குறிப்புகள்தான் முதல் பலி. ஒரு நாட்குறிப்புக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. தினமும் எழுதலாம், தினமும் மெஷினே கிழித்துப் போட்டுவிடும்.

ஒரே ஒரு ஓட்டை. பிழிந்த புரோகிராமில் ஏதாவது தவறு நடந்தால், "முதல் வரி, நாற்பத்தெட்டாயிரமாவது எழுத்து" என்று பிரவுசர் சொல்லும். அதை வைத்துக்கொண்டு எந்த மனிதனும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக சோர்ஸ் மேப் என்று இன்னொரு ஃபைலைத் தயார் செய்வோம். பிழிந்ததில் எந்தத் துண்டு, மூலத்தில் எந்த வரியிலிருந்து வந்தது என்று அது காட்டிக்கொடுக்கும். வசதிக்காக மூலம் முழுவதையுமே, குறிப்புகள் உட்பட, தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும். சாதாரணமாகப் பக்கத்தைப் பார்ப்பவர்களுக்கு அது போகாது. யாராவது பிரவுசரின் பின்கட்டைத் திறந்து, புரோகிராமர்களுக்கான ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் மட்டும், பிரவுசர் போய் அந்த மேப்பை எடுத்து வரும்.

மேப் எங்கே இருக்கிறது என்று பிரவுசருக்கு எப்படித் தெரியும்? இரண்டு வழி. பிழிந்த ஃபைலின் கடைசி வரியில் அதன் முகவரியை எழுதி வைக்கலாம். கடிதத்தின் கீழே பின்குறிப்பு போடுவது மாதிரி. யார் கைக்குப் போனாலும் முகவரியும் கூடவே போகும். இல்லையென்றால் ஃபைலைத் தொடாமல், அதை அனுப்பும் சர்வரே உறையின் மேல் எழுதி அனுப்பலாம். அந்த மேலெழுத்துக்கு ஹெடர் என்று பெயர். 'சோர்ஸ்மேப்' என்று ஒரு சொல், பக்கத்தில் முகவரி, அவ்வளவுதான். இதில் உள்ள நயம் என்னவென்றால், யாருடைய உறையில் எழுதுவது, யாருடைய உறையில் எழுதாமல் விடுவது என்று சர்வர் ஆள் பார்த்து முடிவு செய்யலாம். நம் ஆளுக்கு வழி காட்டும், மற்றவர்களுக்கு வாயே திறக்காது. சர்வரின் வேலையை சர்வர்தான் செய்ய வேண்டும், கடைசி வரியில் கிறுக்கக் கூடாது என்று தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். சால்வைகூடப் போர்த்தினார்கள்.

என் சொந்தக் கருவி கடைசி வரியில்தான் எழுதிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒரு சொல்லை மாற்ற வேண்டும். நாளைக்கு மாற்றலாம் என்று இருந்தேன், எட்டு மாதமாக.

தண்ணீர் லாரிக்காரர் மேடவாக்கத்தின் பழைய குடும்பம். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் விளைந்திருக்கின்றன. அவற்றுக்கு இவர் லாரியில் தண்ணீர் பாய்ச்சுகிறார். குடியிருப்புச் சங்கங்கள் ஆன்லைனில் லாரி புக் பண்ண ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டார். செய்து கொடுத்தேன். எத்தனை லிட்டர், எந்த நாள், கீழே 'டிரைவருக்குக் குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: எந்த கேட்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மின்னஞ்சல் வந்தது. அங்கே ஒரு பெரிய குடியிருப்பின் சங்கச் செயலாளர் எழுதியிருந்தார்.

"வணக்கம் சார். இன்னைக்கு எங்களுக்கு ஒண்ணுக்கு ரெண்டு லாரி வந்துடுச்சு. நெட் ஸ்லோவா இருந்ததால பட்டனை ரெண்டு தடவை அழுத்திட்டேன். உங்க 231-ஆம் லைன்ல அதைத் தடுக்கிற செக் இல்லை. சரி பண்ணிடுங்க. பி.கு.: 212-ஆம் லைன், மாவு விஷயம் என்ன ஆச்சு?"

231-ஐத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒரு முறை அழுத்தியதும் பட்டன் செயலற்றுப்போகும்படி மாற்றினேன். தவறை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம் என்று மனதுக்குள் பாராட்டினேன். வெளியே போவது ஒரே வரிதானே, இவருக்கு எங்கிருந்து 231 கிடைத்தது என்று தோன்றியது அதற்கப்புறம்தான். பின்குறிப்பை மறுபடி படித்தேன். காது சூடாயிற்று.

மூலத்தை முதலிலிருந்து கடைசி வரை, இன்னொருவர் படிப்பது மாதிரி படித்தேன். செய்யக்கூடாத காரியம். 90-ஆம் வரியில் லாரிக்காரரின் மீசையைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. 160-இல், பால்கனியிலிருந்து பஸ்களுக்குக் கையசைப்பது. 340-இல், "அவள் வரப்போவதில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேஸ் கம்பெனிக்குக்கூடத் தெரிந்திருக்கும்."

சர்வரில் யார் எந்த ஃபைலை எடுத்தார்கள் என்று ஒரு பதிவேடு இருக்கும். பின்கட்டு ஜன்னலைத் திறந்தால்தான் மேப் போகும் என்பதால், அந்த ஃபைலின் பெயர் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு ஆள் எட்டிப் பார்த்ததற்குச் சாட்சி. தேடினேன். என்னுடையதை விட்டால் ஒரே ஒரு இடத்திலிருந்து வந்திருந்தது. திங்கள், வியாழன். காலை ஒன்பதுக்கு மேல். நான்கு மாதமாக.

ஒரு காலத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன் நான். அந்த வகையில் எனக்கு வந்த ஒரே வாசகர் கடிதம், சந்தா முகவரியை மாற்றச் சொல்லித் தவறுதலாக எனக்கு வந்தது. இப்போது என்னடாவென்றால் வாரம் இரண்டு முறை தவறாமல் படிக்கும் ஒரு வாசகர் நான்கு மாதமாக இருந்திருக்கிறார். அவமானமாக இருந்தது. அதற்குக் கீழே, அவ்வளவு அவமானமாக இல்லாத ஏதோ ஒன்றும் இருந்தது. அதன் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதமாட்டேன். இப்போது யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மின்னஞ்சலின் கீழே நம்பர் இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வியாழக்கிழமை காலை கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சார். லாரி ரிவர்ஸ் வருது, கொஞ்சம் சத்தமா பேசுங்க."

தனிமையைப் பற்றிய விஷயத்தைச் சத்தமாகப் பேசுவது எளிதல்ல. "மேடம், அந்தக் குறிப்பெல்லாம் உங்களுக்கு எழுதினது இல்லை. யாருக்கும் எழுதினது இல்லை."

"தெரியும் சார். கடைசி லைன்ல மேப் அட்ரஸ் அப்படியே இருந்துச்சு. நான் ஓ.எம்.ஆர்.ல ஒரு ஐ.டி. கம்பெனில டெஸ்டிங்ல இருக்கேன், கை சும்மா இருக்காது. லாரி வர்ற வரைக்கும் கேட் பக்கத்துல சங்கத்து ரூம்ல லேப்டாப்போட உட்கார்ந்திருக்கணும். முதல்ல பக் இருக்கான்னு பார்க்கத்தான் திறந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க லிஃப்ட் லைன் வந்துச்சு. சிரிச்சுட்டேன். வாட்ச்மேன் ஓடி வந்து என்னம்மா ஆச்சுன்னு கேட்டார்." பிறகு யாரிடமோ, "அண்ணா, அந்த சம்ப் தொட்டி இல்ல, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!" என்று கத்திவிட்டுத் திரும்பி வந்தார். "சார், எங்க வீட்ல ஆறு பேர். போதாததுக்கு இந்த பிளாக் முழுக்க எனக்குத்தான் ஃபோன் பண்ணுவாங்க. யாருமே பேசாத ஒரு நாள் எப்படி இருக்கும்னு உங்க கமென்ட்டைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பொறாமையாக்கூட இருந்துச்சு."

"வேணும்னா ஒரு நாள் மாத்திக்கலாம்" என்றேன். சிரித்தார்.

"மாவு சொல்றேன், எழுதிக்கோங்க. ஒரு டம்ளர் இட்லி அரிசி. கால் டம்ளர் உளுந்து, பத்து வெந்தயம். நாலு மணி நேரம் ஊறணும். கிரைண்டரை மறந்துடுங்க. மிக்ஸில, ஐஸ் வாட்டர் ஊத்தி, விட்டு விட்டு ஓட்டுங்க. மூணு நாளைக்கு வரும். பெரிய கிரைண்டரை உங்க வைஃப் வந்ததும்..."

அங்கே நிறுத்தினார். அவர் 340-ஆம் வரியையும் படித்தவர்.

"சார், அதை மூடிடுங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "நான் படிச்சா பரவால்ல. வேற யாராவது படிக்கலாம். ஓனர் மீசை மேட்டர் வேற இருக்கு. மேப்பை ஹெடர்ல கொடுங்க, உங்க வீட்டு நெட் அட்ரஸுக்கு மட்டும்."

நான் சால்வை வாங்கிய அதே விஷயம். "நல்ல யோசனை" என்றேன்.

அன்று சாயங்காலம் லாரிக்காரர் கூப்பிட்டார்.

"இன்னா சார், அந்த செகரட்டரிம்மா சொல்லுது, ஒங்க ஆளு நல்லா எழுதுறாருன்னு. இன்னா எழுதிகீற நீ? நான் லாரி புக்கிங்தான கேட்டேன்?"

"புரோகிராமைத்தான் சொல்றாங்க அண்ணா. உள்ளே எழுதினது வெளியே தெரியுது. அவ்வளவுதான்."

"வெளிய தெரியுதா? மூடு சார் அத்த மொதல்ல! எவனாவது நம்ம சிஸ்டத்த அப்டியே தூக்கிகினு போய்ட்டான்னா பேஜாரு. எப்போ முடிப்ப?"

"ஒரு வாரம் ஆகும்ணா."

பத்து நிமிட வேலை. இந்தத் தொழிலில் பத்து நிமிடத்தை ஒரு வாரம் என்று சொல்வது சகஜம். ஆனால் சோம்பலைத் தவிர வேறொரு காரணத்துக்காக நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதலில் கடைசி வரியை மட்டும் எடுத்தேன். அது பாதி வேலை. முகவரியை அழித்தாலும் வீடு அதே இடத்தில் இருக்கும். பிழிந்த ஃபைலின் பெயருக்குப் பின்னால் 'மேப்' என்று சேர்த்துத் தட்டினால் யாருக்கும் கிடைக்கும். திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்குப் பதிவேட்டில் அந்த வரி வந்தது. பின்னாலேயே மின்னஞ்சல்: "கடைசி லைனை எடுத்துட்டீங்க, ஓகே. ஆனா மேப் அதே இடத்துல இருக்கு, பேரை யூகிச்சேன், கிடைச்சுது. டெஸ்ட் ஃபெயில் சார்."

மறந்துவிட்டேன் என்று பதில் போட்டேன். மறக்கவில்லை.

தன்னை வெளியே வைத்து ஒழுங்காகப் பூட்டவில்லை என்று புகார் கொடுக்கும் வாசகரை என்ன செய்வது? அவருக்கு இது ஒரு ஓட்டை. ஓட்டையைக் கண்டால் சொல்வது அவர் பழக்கம். அவருக்கு ஆறு பேர் உள்ள வீடு இருக்கிறது. எனக்கு இருந்தது திங்களும் வியாழனும்.

செவ்வாயன்று ஒரு டம்ளர் அரிசி ஊறப்போட்டேன். மிக்ஸி, ஐஸ் தண்ணீர், விட்டு விட்டு. புதன் காலை மூன்று தோசை. நான்காவதுக்கு மாவு இருந்தது, வயிற்றில் இடம் இல்லை. இத்தனை நாளில் மாவு மீந்தும் புளிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அன்று முழுவதும் ஒரு குறிப்பை எழுதினேன். எழுதுவேன், அழிப்பேன். பத்திரிகைக் கட்டுரைகளைக்கூட ஒரே மூச்சில் எழுதி அனுப்பியவன். கடைசியில் 212-க்குக் கீழே இப்படி நின்றது: "அளவு சரி. ஒரு ஆள், மூன்று நாள், புளிப்பதற்குள் தீர்ந்துவிடும். சொன்னவருக்கு நன்றி. அவர் படித்ததும் இதை மூடிவிடுவேன். படித்தது எனக்குத் தெரிந்துவிடும்."

கடைசி வாக்கியம் மிரட்டல் மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டேன்.

வியாழன் காலை எட்டரைக்குப் புதிய ஃபைலை ஏற்றினேன். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது ஆயிற்று. ஒன்பதேகால். லாரி புக்கிங் வந்திருந்தது, மேப்பை யாரும் எடுக்கவில்லை. மூடியாகியிருக்கும் என்று நினைத்து அவர் திறந்தே பார்க்காமல் இருக்கலாம். நல்ல டெஸ்டர் அப்படி நினைக்கமாட்டார். அல்லது இன்று லாரி சீக்கிரம் வந்துவிட்டதோ? தாம்பரம் விமானத்தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று மொட்டை மாடிக்கு மேலே சுற்றிச் சுற்றி ஒரே வட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. ஃபோன் பண்ணலாமா என்று கை போயிற்று. வாசகரைக் கூப்பிட்டு "படிச்சீங்களா?" என்று கேட்கும் எழுத்தாளர்களை நான் ஆயுள் முழுவதும் கிண்டல் செய்திருக்கிறேன். கையை எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது ஐம்பதுக்கு அந்த ஒரு வரி வந்தது.

கொஞ்சம் அவகாசம் கொடுத்தேன். படிக்க ஒரு நிமிடம் போதும், நான் பதினைந்து நிமிடம் விட்டேன். பிறகு சர்வரின் அமைப்பில் இரண்டு வரி எழுதினேன். பிழிந்த ஃபைலை என் வீட்டு முகவரியிலிருந்து யாராவது கேட்டால் மட்டும் உறையின் மேல் மேப்பின் இடத்தை எழுது. மேப்பையே வேறு யாராவது கேட்டால், அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று சொல். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு வெளி ஆள் மாதிரி கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றது. கம்ப்யூட்டரில் வீட்டு ஆளாகக் கேட்டேன். அத்தனை குறிப்புகளும் வரிசையாக வந்து நின்றன. கல்லூரியில் நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. வாசகர் எண்ணிக்கை ஒன்று: நான்.

திங்கட்கிழமை லாரிக்காரர் கூப்பிட்டார்.

"சார், டிரைவர் ஃபோன் பண்ணிகினே கீறான். டிரைவருக்குக் குறிப்புன்னு ஒண்ணு வெச்சிகீறியே, அதுல அந்தம்மா இன்னா எழுதிகீது தெர்யுமா? 'பின் கேட் வழியா வரவும். மாவு சரியா வந்ததுல சந்தோஷம்.' இன்னா மாவு? தண்ணி லோடுல மாவு எங்கர்ந்து வந்துச்சு?"

புக்கிங் பக்கத்தைத் திறந்து அந்தக் குறிப்பை நானே படித்தேன்.

"சார்? லைன்ல கீறியா?"

"இருக்கேன் அண்ணா. அது டெஸ்டிங். அந்த மேடம் டெஸ்டிங்ல வேலை பார்க்கிறாங்க. எழுதினது ஒழுங்கா போய்ச் சேருதான்னு பார்த்திருப்பாங்க."

"சேந்துச்சு சேந்துச்சு. டிரைவர் தண்ணிய மோந்து வேற பாத்துகினு கீறான். அடுத்த தபா தண்ணின்னே எழுதச் சொல்லு."

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வியாழக்கிழமை புக்கிங் வந்தது. பன்னிரண்டாயிரம் லிட்டர். டிரைவருக்குக் குறிப்பு: "பின் கேட்." அதற்குப் பிறகு வந்த எல்லா வாரங்களிலும் அதுவேதான்.

நான் குறிப்பு எழுதுவதை விடவில்லை. ஆனால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று நம்பி எழுதுவதும், படிக்கமாட்டார்கள் என்று தெரிந்து எழுதுவதும் ஒன்றல்ல. இப்போது கொஞ்சம் திருத்தமாக எழுதுகிறேன். எழுத்துப்பிழை பார்க்கிறேன். திங்களும் வியாழனும் ஒன்பதேகாலுக்குப் பதிவேட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, அரிசி ஊறப்போட எழுந்து போகிறேன். ஒரு டம்ளர்.